பஹ்ராம் அனுப்பிய பணம்

மாதா மாதம் ஐந்தாம் தேதி மவ்லுதாவுக்குத் தையல் ஆலையில் சம்பளம். ஆறாம் தேதி, ரஷ்யாவிலிருந்து அவள் கணவன் பஹ்ராமின் பணம் வந்துவிடும். நான்கு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

கோகந்த் நகரத்தில் அவர்கள் தெருவிலிருந்து மட்டும் எத்தனையோ ஆண்கள் ரஷ்யாவுக்குப் போயிருந்தார்கள். கட்டட வேலை நின்றுவிட்டது, போலீஸ் பிடித்துவிட்டது, மேஸ்திரி ஏமாற்றிவிட்டான் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை வந்துகொண்டே இருக்கும். அவள் மாமனார் சாபிர் கிழவரின் வீட்டுக்கு மட்டும் கதை வராது. பணம்தான் வரும்.

"என் மூத்தவன் இருக்கானே, அவன் கடிகாரம் மாதிரி" என்று தேநீர்க் கடையில் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு சொல்வார் சாபிர்.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது யார் என்று மவ்லுதாவுக்குத் தெரியும். ஐந்தாம் தேதி சாயங்காலம் ஆலையிலிருந்து அவள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. சந்தையில் உலர்பழக் கடைகளுக்குப் பின்னால் குல்சரா என்று ஒருத்தி சூரியகாந்தி விதை மூட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விதை கேட்டால் விதை தருவாள். தணிந்த குரலில் வேறொன்றைக் கேட்டால் டாலர் தருவாள். மவ்லுதா தன் சம்பளக் கட்டுகளை அவள் மடியில் வைத்து, அதற்கு ஈடாகக் கிடைக்கும் சில பச்சை நோட்டுகளைக் காலுறைக்குள் மடித்துச் செருகிக்கொள்வாள். மறுநாள் மாலை அவற்றை மாமனாரிடம் இரண்டு கையாலும் நீட்டுவாள்.

"மாமா, வந்துடுச்சு."

சாபிர் நோட்டுகளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முகத்தைக் கைகளால் தடவி மகனுக்காகப் பிரார்த்தனை செய்வார். அதில் கொஞ்சத்தை எடுத்து மனைவி ஹைரியிடம் கொடுத்து, சந்தையில் மாற்றி வரச் சொல்வார். மீதி பெட்டிக்குள் போகும்.

தன் சம்பளம் என்று மவ்லுதா தனியாகக் கொஞ்சம் கொடுப்பாள். நூல் வாங்கக்கூடப் போதாத காசு. "பாவம், நாளெல்லாம் மிஷின் மிதிச்சு இவ்வளவுதான் குடுக்கறான் பாரு" என்பார் சாபிர். ஆலையில் நாற்பது பெண்கள் இருக்கும் ஒரு வரிசைக்கு அவள் தலைவி என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெரிந்தவள் ஒருத்திதான். ஆலையில் பக்கத்து வரிசைக்காரி தில்பர். அவள் கணவனும் பஹ்ராமும் ஒன்றாகத்தான் ரஷ்யாவுக்குப் போனார்கள். அவன் திரும்பி வந்தான். வந்ததும் தில்பரிடம் சொன்னான், தில்பர் மவ்லுதாவிடம் சொன்னாள். பஹ்ராமுக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது. மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருத்தி. நடக்கத் தொடங்கிய ஒரு பையன்.

அன்றைக்கு மவ்லுதா அழவில்லை. மனது கணக்குப் போட்டது. கணவன் மறந்துபோன பெண்ணை இந்தத் தெருவில் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். விதவைக்காவது ஒரு மரியாதை உண்டு. இவளை அண்ணன் வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்புவார்கள். அண்ணி முகம் சுளிக்கும் ஒரு மூலையில் மகள் செவாரா வளர்வாள். அந்த மாதம் ரஷ்யப் பணம் வரவில்லை. மாமனார் தினமும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த ஒரு மாதம் மட்டும் என்று நினைத்துக்கொண்டு குல்சராவிடம் போனாள்.

அந்த ஒரு மாதம் வளர்ந்து வளர்ந்து வீடாயிற்று. மரக்கதவு போய்ப் பச்சை வர்ணம் அடித்த இரும்புக் கதவு வந்தது. கூரைக்குத் தகடு வந்தது. கொழுந்தன் ஜசூர் கல்லூரியில் படித்து மின்வாரிய அலுவலகத்தில் மேஜையும் நாற்காலியும் உள்ள வேலைக்குப் போனான். தெருவில் கல்யாண விருந்து என்றால் முன்பெல்லாம் சாபிருக்குக் கதவோரம்தான் இடம். செருப்புகளுக்குப் பக்கத்தில். இப்போது "அண்ணே, மேலே வாங்க, மேலே வாங்க" என்று கைத்தாங்கலாக அழைத்துப் போய், கதவுக்கு நேர் எதிரே, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அவர் முதலில் கை வைத்த பிறகுதான் புலாவில் மற்றவர்கள் கை வைத்தார்கள்.

"என்னடி, உன் புருஷன் இந்த மாசம் சம்பளம் வாங்கிட்டானா?" என்று சம்பள நாளில் தில்பர் கேட்பாள்.

"வாங்கிட்டார்."

"நல்லாத்தான் தைக்கறான். காலர் மட்டும் கொஞ்சம் கோணல். அடுத்த தடவ அவனத் திட்டி வை."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். மிஷின் சத்தத்தில் அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்காது.

*

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் செவாரா ஆலை வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. ஃபெர்கானா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இலவச இடம் இல்லை, பணம் கட்டிப் படிக்கும் இடம். அதற்கே மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் தவம் கிடக்கிறார்கள்.

"அப்பாகிட்ட சொல்லணும்மா! அப்பாவுக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும்!"

மவ்லுதா மகளைக் கட்டிக்கொண்டாள். அவள் கைகளில் துணிப்பஞ்சு ஒட்டியிருந்தது. அது செவாராவின் கறுப்புத் தலையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

அன்று மாலை திராட்சைப் பந்தலுக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சாபிர் பேத்தியின் நெற்றியில் முத்தமிட்டார். "எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் ஊசி பிடிக்கத் தெரியாது. தைக்கற ஊசிய சொல்லல" என்று மருமகளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"பணம் இருக்கு. பெட்டியில இருக்கு. ஆனா அது என் பணம் இல்லம்மா, உங்கப்பன் பணம். ஜசூர் கல்யாணத்துக்குன்னு சேத்து வெச்சது. அவன ஒரு வார்த்த கேக்காம நான் தொடமாட்டேன்."

"இன்னொன்னும் இருக்கு" என்றாள் ஹைரி, தேநீர்க் கிண்ணத்தைச் சுழற்றியபடி. "மாவு மில்லுக்காரங்க வீட்டுலேருந்து செவாராவக் கேட்டு வந்தாங்கல்ல. வெள்ளிக்கிழமை ரொட்டியோட வர்றோம்னு சொல்லி விட்டிருக்காங்க. அதையும் அவங்கிட்டயே கேட்டுடுங்க. பெத்தவன் சொல்லட்டும்."

மவ்லுதா தேநீர்க் குடுவையைக் கீழே வைத்தாள்.

நான்கு வருஷத்தில் இந்தப் பேச்சு ஒருமுறைகூட ஃபோனில் வந்ததில்லை. நோன்புப் பெருநாளுக்கும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கும் பஹ்ராம் கூப்பிடுவான். உடம்பு எப்படி, பனி அதிகமா, சாப்பிட்டியா. அதோடு சரி. மகன் அனுப்பும் பணத்தைப் பற்றி அவனிடமே பேசுவது, இன்னும் கொடு என்று கை நீட்டுவது போல. மானமுள்ள தகப்பன் அதைச் செய்யமாட்டான். "உன் ரொட்டி பெருகட்டும்டா" என்று மட்டும் சாபிர் வாழ்த்துவார். "ஆமீன்" என்பான் பஹ்ராம். அந்த வாழ்த்தின் மறைவில்தான் மவ்லுதா இத்தனை நாள் தப்பித்து வந்தாள்.

ஜசூர் தன் கைப்பேசியில் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"பஹ்ராம், நான்தான்டா. நல்லா இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. என்ன விசேஷம்?" பின்னால் எங்கோ ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நீ அனுப்பின பணத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கணும்."

"எந்தப் பணம்?"

"என்னடா எந்தப் பணம்? மாசா மாசம் அனுப்பறியே! உன் பொண்டாட்டி ஆறாந்தேதியானா கொண்டாந்து கையில குடுத்துடறா. வீட்டுச் செலவு போக மிச்சத்தப் பூரா நான் பெட்டியில வெச்சிருக்கேன்."

மறுமுனையில் குழந்தை தட்டுவது மட்டும் கேட்டது. மவ்லுதா கண்ணை மூடிக்கொண்டாள். 'நான் அனுப்பவில்லை' என்று அவன் சொல்லப்போகிறான். சொல்லட்டும். எல்லாம் இந்தப் பந்தலுக்குக் கீழேயே முடியட்டும். அந்த ஒரு நொடியில் அவன் உண்மை பேசவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

"ம்... ஆமா" என்றான் பஹ்ராம். தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆமாப்பா. அதுக்கென்ன?"

"ஜசூர் கல்யாணம் இருக்கு. செவாராவுக்கு டாக்டர் படிப்புக்கு எடம் கெடச்சிருக்கு. மாவு மில் வீட்டுலேருந்து அவளப் பொண்ணும் கேக்கறாங்க. நீ என்ன சொல்ற?"

முதலில் மெதுவாக வந்த குரல் போகப் போகக் கனத்தது. தகப்பனின் குரலாயிற்று.

"தம்பி கல்யாணத்த நல்லா பண்ணுங்க. பாட்டுக்காரங்கள வையுங்க. என் பேரு கெடக்கூடாது. பொண்ணுக்கு எதுக்குப்பா ஏழு வருஷப் படிப்பு? நல்ல எடம்னா முடிச்சுடுங்க."

"பொண்ணுகிட்ட பேசறியா?"

"வேலையில இருக்கேன்ப்பா. அப்புறம் பேசறேன்."

கைப்பேசியின் வெளிச்சம் அணைந்தது. ஜசூர் தரையைப் பார்த்தான். சாபிர் முகத்தைத் தடவிக்கொண்டு, "பெத்தவன் சொல்லிட்டான்" என்றார். அவருக்கும் அதில் சந்தோஷமில்லை. ஆனாலும் பணம் அனுப்புகிறவனின் வார்த்தை அந்த வீட்டில் கடைசி வார்த்தை.

மவ்லுதா மகளைத் தேடிப் போனாள். செவாரா கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"விடும்மா. அப்பா சொல்றது நியாயம்தான்."

"என்னடி நியாயம்?"

"அவரு அங்க பனியில நின்னு சம்பாதிக்கற காசு. அவரு எப்படி சொல்றாரோ அப்படித்தான் செலவு பண்ணணும். நான் என்ன கேக்க முடியும்?"

மவ்லுதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெறுங்கையோடு இருந்த ஒருவன் கையில், மாதா மாதம் அவளேதான் இந்த அதிகாரத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவள் பணம் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று அவன் பேச்சுக்கு இந்த வீட்டில் கோழிகூடத் தலை திருப்பியிருக்காது.

*

மறுநாள் ஹைரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மவ்லுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தப் பணம் இருக்குல்ல..."

"சொல்லாத" என்றாள் ஹைரி. மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அத்தை?"

"குல்சரா தான் விக்கற நோட்டுல எல்லாம் மூலையில ஊதா பென்சில்ல ஒரு புள்ளி வைப்பா. கள்ள நோட்டுன்னு யாராவது சண்டைக்கு வந்தா தெரியணும்னு. நான் மாத்தப் போனப்ப அவளே சிரிச்சா. 'என்னக்கா, நேத்து உன் மருமவ எங்கிட்ட வாங்கின நோட்ட இன்னைக்கு நீ எங்கிட்டயே விக்கற'ன்னா. ரெண்டு வருஷமாச்சு."



"ரெண்டு வருஷமாத் தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே அத்தை?"

"கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? என் புள்ள இந்த வீட்டுல செத்துப் போயிருப்பான். நீ அவன உசுரோட வெச்சிருந்த. அஞ்சு வேளையும் உனக்காகத்தான் துவா கேட்டேன், உனக்குத் தெரியுமா? பெத்த புள்ளைங்களுக்குக்கூட நான் அவ்ளோ கேட்டதில்ல." ஹைரியின் கண்ணீர் மாவில் விழுந்தது. அதையும் சேர்த்துப் பிசைந்தாள். "இவ்ளோ நாள் காப்பாத்திட்ட. இன்னும் கொஞ்சம் காப்பாத்து. மாவு மில் வீட்டுல உன் பொண்ணுக்கு என்ன கொற? உக்காந்து சாப்பிடுவா."

"அவ உக்காந்து சாப்பிட வேண்டாம் அத்தை. நான் நின்னுக்கிட்டே வேல பாத்ததெல்லாம் எதுக்கு?"

"நீ வாயத் தொறந்தா கெழவர் விழுந்துடுவார். தேநீர்க் கடைக்குப் போற அந்தக் கால் அன்னைக்கே நின்னுடும். அந்தப் பாவம் உனக்கு வேணுமா?"

 மாமனாரை மவ்லுதாவுக்குப் பிடிக்கும். அவளைப் பெற்றவர் சீக்கிரம் போய்விட்டார். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பனிக்காலத்தில் முற்றம் கூட்டக் கிளம்பியவளைத் தடுத்து, "போய்ப் படுத்துக்கம்மா, நான் கூட்டினேன்னு உன் அத்தைகிட்ட சொல்லாத" என்று விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டவர் அவர்.

*

வெள்ளிக்கிழமை மாவு மில்லுக்காரர் வீட்டிலிருந்து வந்தார்கள். பையனின் அம்மா, பெரியம்மா, ஒரு பெரியவர். பூப்போட்ட துணியில் கட்டிய மூட்டையை விரிப்பின் நடுவில் வைத்தார்கள். உள்ளே இரண்டு ரொட்டிகள். பேச்சு முடிந்ததும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிய்ப்பார்கள். பிய்த்துவிட்டால் பெண் அந்த வீட்டுக்கு. அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்ன குடும்பத்தை அந்த ஊரில் யாரும் வாசலில் ஏற்றமாட்டார்கள்.

செவாராவுக்குப் பட்டு உடுத்தி, புருவத்துக்கு மை தீட்டியிருந்தாள் ஹைரி. செவாரா தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, தலை குனிந்தபடி பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

"நாம ரொட்டியப் பாத்துடலாமே" என்றார் வந்த பெரியவர்.

"பாத்துடலாம்" என்று எழுந்தார் சாபிர். ரொட்டியைத் தொடும் முன் கை கழுவவேண்டும். நடைபாதையில் மவ்லுதா செம்புக் குடுவையும் தாம்பாளமும் தோளில் துண்டுமாக நின்றிருந்தாள். அவர் கைகளை நீட்டினார். அவள் ஊற்றினாள்.

"மாமா."

"என்னம்மா?"

"நீங்க அந்த ரொட்டியத் தொடறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். பெட்டியில இருக்கறது அவர் பணம் இல்ல."

"அப்புறம் யாருது?"

"என்னுது. ஆலையில வர்ற சம்பளம். அத டாலரா மாத்திக் கொண்டாந்து குடுத்தேன்."

சாபிர் அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. தூரத்தில் யாரோ கூப்பிட்டது போலக் காதைச் சாய்த்துக்கொண்டார்.

"எத்தன நாளா?"

"நாலு வருஷமா."

"அவன்?"

"அங்க அவருக்கு ஒரு வீடு இருக்கு மாமா. ஒரு பையனும். அன்னைக்கு ஃபோன்ல கேட்டுச்சே ஒரு கொழந்த சத்தம்..."

குடுவையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவர் கைகள் மட்டும் நீட்டியபடியே இருந்தன, இன்னும் தண்ணீர் விழுவது போல.

"உங்க அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் மவ்லுதா.

அவர் துண்டை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். பிறகு உள்ளே போய் மேலிடத்தில் உட்காராமல் கதவோரமாகவே உட்கார்ந்தார்.

"அண்ணே, அங்க ஏன்? மேல வாங்க" என்றார் வந்த பெரியவர்.

"இருக்கட்டும்." சாபிர் ரொட்டி மூட்டையைப் பார்த்தபடி பேசினார். "மன்னிக்கணும். உங்க ரொட்டிக்கு நாங்க தகுதி இல்லாதவங்கன்னு வெச்சுக்குங்க. பொண்ணு படிக்கப் போறா. அவ அப்பன் அப்படித்தான் ஆசப்படறான்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனின் அம்மா மூட்டையை இழுத்து எடுத்துக்கொண்டாள். "ரஷ்யாவுலேருந்து பணம் வந்தா தலகால் புரியாது போல இருக்கு" என்று இரும்புக் கதவைத் தாண்டும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ஹைரி உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாபிர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறர் உதவியில்லாமல் தூக்கியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. சமையலறை வாசலில் மருமகளின் காலடியில் அதை வைத்தார்.

"இது உன்னுது."

"மாமா, இது இந்த வீட்டுக்குன்னுதான்... ஜசூர் கல்யாணத்துக்குப் பாதி எடுத்துக்குங்க. செவாராவுக்கு முதல் வருஷம் கட்டினா போதும்."

"வேண்டாம்மா." அவர் குரல் உயரவே இல்லை. "நாலு வருஷம் தேநீர்க் கடையில என்னைப் பேச வெச்சுட்டியே. எவனெவன் புள்ளையையோ மட்டம் தட்டிப் பேசினேனே. 'மாமா, உங்க புள்ள மறந்துட்டான், நான் சோறு போடறேன்'னு நீ சொல்லியிருந்தா சாப்பிட்டிருக்கமாட்டேனா?"

நிறுத்தினார். 

"சாப்பிட்டிருப்பேனான்னு எனக்கே தெரியல" என்றார்.

அவர் நகர்ந்த பிறகுதான் மவ்லுதா பார்த்தாள். பட்டு உடையோடு, மை கலையாமல், கதவின் பின்னால் செவாரா நின்றிருந்தாள். நடைபாதையில் பேசியதும் அவளுக்குக் கேட்டிருந்தது.

"அப்ப, அப்பா அனுப்பினார்னு குடுத்தியே அந்தக் கைக்கடிகாரம்?" என்றாள்.

"நான்தான்."

"கம்பளிக் கோட்டு?"

"நான்தான் வாங்கினேன்."

"கோட்டோட ஒரு அட்டை வந்துச்சே, 'என் டாக்டர் மகளுக்கு'ன்னு. அத அப்பா எழுதல?"

மவ்லுதாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தில்பர் புருஷன விட்டு எழுதச் சொன்னேன்."

செவாரா தலையாட்டினாள். பெரிய கணக்கு ஒன்றைப் புரிந்துகொண்ட பிள்ளை மாதிரி. "அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்மா நான் ராத்திரி பகலாப் படிச்சேன்."

"செவாரா..."

"படிப்ப நிறுத்தவிட்டிருக்கலாம்மா. மாவு மில்லுக்குப் போயிருப்பேன். எனக்கு அப்பாவாவது இருந்திருப்பாரு."

அதைச் சொல்லிவிட்டு அவளே பயந்து போனாள். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. உடையின் நுனியால் புருவ மையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைக்கத் துடைக்க அது கன்னமெல்லாம் பரவியது.

*

ஜசூரின் கல்யாணத்தைப் பாட்டுக்காரர்கள் இல்லாமலே நடத்துவதென்று முடிவாயிற்று. பெண் வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சாபிர் பஞ்சுக் கிடங்கில் காவல் வேலை கேட்டுச் சேர்ந்தார். அந்த வயதில் அவருக்குக் கொடுத்ததே பெரிது. போகிற வழியில்தான் தேநீர்க் கடை. சுற்றிக்கொண்டு கால்வாய்க் கரை வழியாகப் போனார். மவ்லுதா நீட்டும் தேநீரை வாங்கிக்கொள்வார். ஆனால் அந்தத் தேயிலை தன் கூலியில் வாங்கியதா என்று ஹைரியிடம் கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

ஒருநாள் பஹ்ராம் கூப்பிட்டான். எப்போதும் இல்லாதபடி, பண்டிகை இல்லாத நாளில். ஜசூர் கைப்பேசியை அப்பாவிடம் நீட்டினான். சாபிர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திராட்சைக் கொடிக்குப் பாத்தி கட்டப் போய்விட்டார். பாத்திக்கு அப்போது எந்த அவசரமும் இல்லை. ஹைரி வாங்கிப் பேசினாள். "உடம்பு எப்படி, பனி அதிகமா, சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பரில் மவ்லுதாவும் செவாராவும் ஃபெர்கானாவுக்குப் போனார்கள். வாடகைக் காரில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வழியெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது. செவாரா ஜன்னலோடு முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பசிக்குதா, இல்ல. தூக்கம் வருதா, இல்ல.

கல்லூரியில் பணம் கட்டும் வரிசை நீளமாக இருந்தது. மவ்லுதா கட்டினாள். ரசீதைக் கொடுத்தார்கள். நாலு வருஷமாகக் கையில் வந்த பணமெல்லாம் வேறொருவர் பெயரில் போனது. இதுதான் அவளே, அவள் பெயரில், நேராக நீட்டிக் கட்டிய முதல் பணம். அதற்காகச் சந்தோஷப்படவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை.

விடுதியில் ஒரு அறைக்கு நான்கு பெண்கள். செவாராவின் பக்கத்துக் கட்டிலுக்கு மார்கிலானிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவளுடைய அம்மா கலகலப்பான மனுஷி. வந்ததும் விரிப்பைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் திராட்சையும் வைத்து எல்லோரையும் உட்கார வைத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் ஒரு பசுமாட்ட வித்துட்டார்ம்மா இந்தப் புள்ளைக்காக. மாட்டக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அவர் அழுதாரு பாரு, என் கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி அழல" என்று சிரித்தாள். செவாராவின் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா என்னம்மா பண்றாரு?"

மவ்லுதா திராட்சைக் கொத்திலிருந்து கையை எடுத்தாள். செவாரா சொல்லட்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எங்களை விட்டுட்டார் என்று சொல்லட்டும். அம்மாதான் ஆலையில் தைத்துப் படிக்க வைக்கிறாள் என்று சொல்லட்டும்.

செவாரா ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, புது அறையின் வெள்ளைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா ரஷ்யாவுல இருக்காரு" என்றாள். "அவர்தான் ஃபீஸ் கட்டறாரு. நான் டாக்டர் ஆகணும்னு அவருக்கு ரொம்ப ஆச."

"அடேயப்பா! குடுத்து வெச்ச பொண்ணு" என்றாள் மார்கிலான்காரி. "நெறைய பேர் போய் மறந்துடறாங்க. நல்ல மனுஷன்தான் போல, இல்லையா அக்கா?"

விரிப்புக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், செவாராவின் விரல்கள் வந்து மவ்லுதாவின் முழங்காலைப் பற்றின. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மகள் அவளைத் தொடுவது அதுதான் முதல் தடவை. கெஞ்சுகிற பிடி அது.

மவ்லுதா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"ஆமா" என்றாள். "ஒரு மாசம்கூடத் தவறமாட்டார்."